கரும்பள்ளத்தில் வளராத பயிர்

கரும்பள்ளம், உதகை தபால்
10-7-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

தை மாதம் ஊரை விட்டு வந்தவள் ஆனியில்தான் முதல் கடிதம் எழுதுகிறாள் என்று கோபப்படுவீர்கள். படுங்கள். நீங்கள் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்ன வார்த்தைக்கு, நான் எழுதாமலே இருந்திருக்க வேண்டும். "எருமைகூட நிக்காத சேத்துக்கு என் தங்கச்சிய இழுத்துக்கிட்டுப் போறியா"ன்னு அத்தனை பேர் எதிரில் கேட்டீர்கள். அவர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தார். சரி, அது போகட்டும்.

இப்போது எழுதுவது அவரைச் சீக்கிரம் அனுப்பி வையுங்கள் என்று கேட்கத்தான். "மச்சான்கிட்ட மாட்டெரு கேட்டு வாங்கிட்டு வரேன்"னு சொல்லிவிட்டுக் கிளம்பினார். உங்களிடம் கேட்கப் போகிறாரா என்று எனக்கே ஆச்சரியம். இரண்டு வாரம் ஆகிறது. ஒரு சேதியும் இல்லை. மாப்பிள்ளையும் மச்சானும் சமாதானமாகிப் பேச்சில் உட்கார்ந்துவிட்டீர்களோ என்னவோ.

இங்கே பயிர் சரியில்லை. இந்த மண்ணை நீங்கள் பார்த்ததில்லையே, சொல்கிறேன். கறுப்பு என்றால் நம் ஏரி வண்டலைப் போலக் கறுப்பில்லை, அடுப்புக்கரியைப் போலக் கறுப்பு. கையில் அள்ளிப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் சொட்டுகிறது. பிழிந்த பிறகு கையில் நிற்பது மண்ணில்லை, வேரும் புல்லும் பாசியும்தான். எந்தக் காலத்துப் புல்லோ, இன்னும் நார் நாராக இருக்கிறது. நடந்தால் தரை மெத்தை மாதிரி அமுங்குகிறது. குத்தகைக்கு விட்டவர், "இந்தக் கறுப்புக்கு எருவே வேணாம், விதையைத் தூவினாப் போதும்" என்றார். நாங்களும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, சித்திரையில் உருளைக்கிழங்கு நட்டோம். முளைத்தது. ஒரு சாண் வந்தது. அப்படியே நின்றுவிட்டது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. அடியிலை மஞ்சள், மேலிலை கருநீலம். தினமும் போய்ப் பார்க்கிறேன், நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே.

எரு வந்தால் எழுந்துவிடும் என்று நினைக்கிறேன். அவரை அனுப்புங்கள். அண்ணிக்கு என் நமஸ்காரம்.

ருக்மணி

&nbsp;

கெலவரப்பள்ளி, ஓசூர் தாலுகா
17-7-1955

அம்மா ருக்மணிக்கு உன் அண்ணன் நாராயணப்பன் எழுதியது.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பிறகு உன் அண்ணி மங்கம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன், நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று. மாப்பிள்ளை இங்கே வரவில்லை. எரு கேட்கவில்லை. தை மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. இது என்ன விளையாட்டு?

உங்களுக்குள் ஏதாவது சண்டையா? இருந்தால் மறைக்காமல் எழுது. நீ சின்ன வயதிலிருந்தே ஏதாவது நடந்தால் அதைச் சொல்லாமல் மாடு கன்று போட்டதைச் சொல்வாய். இப்போதும் மண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

கறுப்பு மண்ணில் பயிர் வளரவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. பெண்ணையாற்று ஓரத்தில் ஒரு கூடை கறுப்பு வண்டல் கிடைத்தால் நாங்கள் அடித்துக்கொள்கிறோம். நீ தண்ணீரைச் சரியாக வடிக்கவில்லையோ? விதை அழுகலோ? இங்கே ஆடி பிறந்துவிட்டது, ராகி விதைக்க ஏர் கட்டியிருக்கிறேன். நேற்று நல்ல மழை. செவலைக் காளைக்குக் கால் வீக்கம், அது ஒரு கவலை.

நீ அங்கே தனியாக இருக்காதே. பெங்களூர் பஸ் ஏறி வந்துவிடு. அவர் வரும்போது வரட்டும்.

நாராயணப்பன்

அண்ணி எழுதச் சொன்னது: உன் அறையைக் கூட்டிப் பாய் போட்டு வைத்திருக்கிறாளாம்.

&nbsp;

கரும்பள்ளம்
25-7-1955

அண்ணா,

பொய் சொல்லாதீர்கள். எனக்கு வேண்டியது உண்மை ஒன்றுதான்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "சௌக்கியம். வந்துவிடுவேன். பயிரைப் பிடுங்கிவிடாதே." அவ்வளவுதான். எங்கே இருக்கிறார் என்று இல்லை. ஆனால் தபால் முத்திரையில் பர்கூர் என்று இருக்கிறது. உங்களுக்கும் பர்கூருக்கும் எவ்வளவு தூரம்? கிருஷ்ணகிரி தாண்டினால் பர்கூர். அவர் அங்கே இருந்துகொண்டு உங்கள் வீட்டுக்கு வராமல் இருப்பாரா? வந்தார், நீங்கள் ஏதோ சொன்னீர்கள், அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அப்படித்தானே? அல்லது அவரை வீட்டில் வைத்துக்கொண்டே இல்லை என்கிறீர்களா? நானே ஊருக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காகவா?

நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவர் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. விட்டுப் போகிறவர் பயிரைப் பிடுங்காதே என்று எதற்கு எழுத வேண்டும்?

பயிர் இன்னும் ஒரு சாண்தான். ஆனால் ஒன்று கவனித்தேன். பள்ளத்தின் மேற்கு ஓரத்தில், மலைச்சரிவு வந்து முடிகிற இடத்தில், ஒரு கோடு போல முழங்கால் உயரத்துக்குச் செடி பச்சையாக நிற்கிறது. அதே விதை, அதே நாள் நட்டது. அங்கே மண் கறுப்பும் சிவப்பும் கலந்தது. நடுவுக்குப் போகப் போகக் கறுப்பு அதிகம், செடி சிறிது. கறுப்பு மண் நல்லதென்றால் நடுவில்தானே நன்றாக வர வேண்டும்? எல்லாம் தலைகீழாக இருக்கிறது.

நடுப்பள்ளத்தில் நன்றாக வளர்வது ஒன்றே ஒன்று. விரல் உயரத்துக்கு ஒரு சிவப்புச் செடி. இலை முழுக்க மயிர், மயிர் நுனியில் பிசின். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டது. இலை மெல்ல மடங்கி அதை மூடிக்கொண்டது. பூச்சி தின்கிற செடி, அண்ணா! பயந்துபோய் எழுந்து வந்துவிட்டேன். எந்த மாதிரி இடத்துக்கு வந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை.

உண்மையை எழுதுங்கள்.

ருக்மணி

&nbsp;

கெலவரப்பள்ளி
3-8-1955

ருக்மணிக்கு,

என் பிள்ளைகள் மேல் ஆணை, மாப்பிள்ளை என் வீட்டுக்கு வரவில்லை. என்னைப் பொய்யன் என்று எழுதிவிட்டாய். இருக்கட்டும். இப்போது நான் எழுதப்போவதைப் படித்தால் நான் பொய் சொன்னதாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைப்பாய்.

மாட்டுத் தரகர் ஆஞ்சப்பனை உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வந்து மூன்று தரம் பாயசம் வாங்கிக் குடித்தாரே, அவர்தான். போன வாரம் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய்விட்டு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாராயணப்பா, தப்பா நெனைக்காதே. ஒன் மாப்பிள்ளையப் பாத்தேன்."

"எங்க?"

"சந்தைக்குப் பின்னால. செத்த மாட்டத் தூக்கிப் போடுவாங்களே, அந்த ஓடைக்கிட்ட. கையில கோணி. எலும்பு பொறுக்கிக்கிட்டு இருந்தாரு."

நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். "வேற யாரயாவது பாத்துட்டு வந்து ஒளறாதீங்க" என்று கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. "நான் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்ப்பா. திரும்பிப் பாத்துட்டு, மூட்டையத் தூக்கிக்கிட்டு மேட்டப் பாத்து நடந்துட்டாரு" என்றார்.

மாப்பிள்ளை ராஜப்பன் யார் வீட்டுப் பிள்ளை? அவர் அப்பா இந்தப் பக்கத்தில் நாலு ஊருக்கு நியாயம் சொன்னவர். அந்த வீட்டுப் பிள்ளை செத்த மாட்டின் எலும்பைப் பொறுக்குகிறார் என்று ஊரில் பேசுகிறார்கள். கிணற்றடியில் உன் அண்ணியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து அழுகிறாள்.

புத்தி பேதலித்துவிட்டதா? அந்த மலையில் யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா? பூச்சி தின்கிற செடி என்று நீ எழுதியதைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. அங்கே என்னதான் நடந்தது? நீயும் சொல்ல மாட்டேன் என்கிறாய், அவரும் பார்த்தால் ஓடுகிறார். நான் அவரைத் தேடிப் போகமாட்டேன். போய் என்ன பேசுவது? நீ கிளம்பி வா. நான் மைசூர் வரைக்கும் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

நாராயணப்பன்

&nbsp;

கரும்பள்ளம்
12-8-1955

அண்ணா,

உங்களைப் பொய்யன் என்றதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

எலும்பு என்று இருந்த வரியைத் திரும்பப் படித்தேன். ஏதோ ஒன்று உறுத்தியது. வைகாசியில் அவர் இங்கே இருக்கிற சர்க்கார் உருளைக்கிழங்குப் பண்ணையின் விவசாய ஆபீசரைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "அந்த ஆளு என்னமோ எலும்புங்கறான்" என்று முணுமுணுத்தார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஒரு சாண் செடி இரண்டைப் பிடுங்கி, கறுப்பு மண் ஒரு கட்டியும் எடுத்துக்கொண்டு, மழையில் நடந்தே பண்ணைக்குப் போனேன்.

ஆபீசர் வயதில் நம்மைவிடச் சின்னவர். திருநெல்வேலிக்காரர், பேச்சிலேயே தெரிகிறது. செடியைப் பார்த்ததும், "நீங்க ராஜப்பன் வீட்டம்மாவா? வைகாசியிலயே அவருட்ட சொல்லிட்டேனே" என்றார்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் அந்த மண்கட்டியைப் பிய்த்துக் காட்டினார். இதற்குப் பீட் என்று பேராம். இது மண்ணே இல்லையாம். நூறு நூறு வருஷமாகப் புல்லும் பாசியும் தண்ணீரில் செத்துச் செத்து விழுந்து, குளிரிலும் ஈரத்திலும் மக்காமல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அந்தப் புல் உயிரோடு இருந்தபோது தின்ற சத்தெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. மக்கினால்தான் வெளியே வரும். மக்குவதில்லை.

"அப்ப சத்து இருக்குதா இல்லையா, சார்?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா. செடிக்குக் கிடைக்காது. சிலது இருக்கவும் செய்யாது. நடுப்பள்ளத்துக்கு வாறது மழைத்தண்ணி மட்டுந்தான். மழை என்னத்தக் கொண்டு வரும்? மேக்கு ஓரத்துக்கு மலைச் செம்மண்ணக் கழுவிக்கிட்டுத் தண்ணி வருதுல்லா, அதான் அங்க மட்டும் பச்ச."

நான் பூச்சி தின்கிற செடியைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். மண்ணில் கிடைக்காததை அது பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறதாம். யாரும் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை, அண்ணா. அண்ணியிடம் சொல்லுங்கள். அதற்குப் பசி, அவ்வளவுதான்.

இந்தப் புளிப்பு மண்ணுக்கு எலும்புத்தூள் போட்டால் கரைந்து செடிக்குச் சேரும் என்றாராம். அதைக் கேட்டுத்தான் இவர் போயிருக்கிறார். கடையில் வாங்க எங்களுக்கு வழியில்லை என்று அவருக்குத் தெரியும். என்னிடம் சொன்னால் நான் வேண்டாம் என்பேன் என்றும் தெரிந்திருக்கும். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேனா? இப்போது தெரியவில்லை. எனக்குக் கோபமா அழுகையா என்றும் தெரியவில்லை. அவர் பைத்தியமாகவில்லை என்பதில் சந்தோஷம் வருகிறது. அடுத்த நிமிஷமே, பொய் சொல்லிவிட்டுப் போனாரே என்று பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் இதைக் கேளுங்கள். நான் கிளம்பும்போது ஆபீசர் சொன்னார்: "எலும்பு மட்டும் போட்டுப் பிரயோசனமில்லம்மா. தழைச்சத்துக்கு எருவும் வேணும், சாம்பலும் வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் மத்தது இருந்தும் செடி எந்திரிக்காது. அவருட்ட சொல்லுகதுக்குள்ள எழுந்து போயிட்டாரு."

பாதி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார், அண்ணா! அங்கே ஓடை ஓடையாக அலைந்து மூட்டை கட்டுகிறாரே, அதைக் கொண்டுவந்து கொட்டினாலும் பயிர் இப்படியேதான் நிற்கும். அப்போது அவர் என்ன ஆவார்? யாராவது போய் அவரிடம் சொல்ல வேண்டும். எனக்கு உங்களைத் தவிர யாருமில்லை. தேடிப் போகமாட்டேன் என்று எழுதினீர்கள். போங்கள்.

ருக்மணி

&nbsp;

கெலவரப்பள்ளி
29-8-1955

அம்மா ருக்மணிக்கு,

போனேன்.

பர்கூருக்கு மேற்கே ரோடு போடக் கல் உடைக்கிறார்கள். அங்கே விசாரித்ததும் கை காட்டிவிட்டார்கள். பகலில் கல் உடைக்கிறார், வேலை விட்டதும் கோணியோடு கிளம்பிவிடுகிறார், சந்தை நாளில் குந்தாரப்பள்ளிக்குப் போய்விடுகிறார் என்றார்கள். பாறைக்குப் பின்னால் ஒரு ஓலைக் கொட்டகை. வெளியே எலும்பைக் குவித்துத் தீ மூட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஓடவில்லை. இளைத்துப்போயிருந்தார். இடது கையில் துணி சுற்றியிருந்தது.

"வாங்க மச்சான்" என்றார். அவ்வளவு நாள் கழித்து.

"கையில என்ன?"

"கல்லு விழுந்துச்சு. ரெண்டு வெரல் மடங்க மாட்டேங்குது. ருக்மணிக்கு எழுதிடாதீங்க."

எழுதிவிட்டேன். இனி எதையும் ஒளிப்பதாக இல்லை.

நான் கேட்க நினைத்துப் போன கேள்வி எல்லாம் மறந்துவிட்டது. "எரு கேக்க என்கிட்ட வரேன்னு சொல்லிட்டு ஏன் வரல?" என்றுதான் கேட்டேன்.

"வந்தேன் மச்சான். ஆத்தங்கரை வயல் வரப்பு வரைக்கும் வந்தேன். நீங்க ஏர் ஓட்டிக்கிட்டு இருந்தீங்க. நீங்க சொன்ன மாதிரியே ஆயிருச்சே, இப்ப எப்படிப் போய் நிக்கறதுன்னு திரும்பிட்டேன்."

ருக்மணி, நான் அன்றைக்குச் சொன்னது கோபத்தில் சொன்னது. அந்தப் பள்ளத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்தா சொன்னேன்? தற்செயலாகப் பலித்துவிட்டது. அதை நினைத்து அந்த மனிதர் என் வயல் வரப்பிலிருந்து திரும்பிப் போயிருக்கிறார்.

"இந்த வேலைய எப்படிய்யா செஞ்சே?" என்றேன்.

"மொத நாளு வாந்தி வந்துச்சு. எலும்பு எடுக்கறதே பொழப்பா இருக்கறவங்க அங்க உண்டு. எனக்காக ஓடையில ஒரு பக்கத்த விட்டுக் குடுத்தாங்க. எதுக்குன்னுகூடக் கேக்கல."

பிறகு ஆபீசர் சொன்ன மிச்சத்தைச் சொன்னேன். எலும்பு மட்டும் போதாதாம், எருவும் வேண்டுமாம், சாம்பலும் வேண்டுமாம் என்று. அவர் அப்படியே குவியல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இவ்ளோவும் வீணா?" என்றார். குழந்தை கேட்கிற மாதிரிக் கேட்டார். "வீணில்ல, பாதி" என்றேன்.

மறுநாள் வண்டி கொண்டுபோய் மூட்டைகளை ஏற்றி, அவரையும் உட்காரவைத்து, ஊர் நடுவில் பகலில் ஓட்டி வந்தேன். சந்து வழியாக வரலாம் என்றார், நான் கேட்கவில்லை. மாட்டுக்கு முன்னால் நானே நடந்தேன். "என்ன நாராயணப்பா, வண்டியில எலும்பா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, எலும்புதான். என் தங்கச்சி வீட்டுப் பயிருக்கு" என்றேன். ஆஞ்சப்பன் முன்னால் வந்து மூட்டை இறக்கக் கை கொடுத்தார். எல்லோரும் அப்படி இல்லை. இரண்டு வீட்டில் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். பார்த்துக்கொள்ளலாம்.

உன் அண்ணி முதல் நாள் கொல்லைப் பக்கமே வரவில்லை. இரண்டாம் நாள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு வந்து உலக்கையைப் பிடித்தாள். சுட்ட எலும்பு சுலபமாக நொறுங்குகிறது. ஆட்டுப் புழுக்கையும் காய்ந்ததாகப் பார்த்து மூட்டை கட்டியிருக்கிறேன், லேசாக இருக்கும். உதகையிலிருந்து பெங்களூருக்குக் கிழங்கு கொண்டுவரும் லாரி காலியாகத்தானே திரும்புகிறது, அதில் மாப்பிள்ளையையும் மூட்டையையும் ஏற்றிவிடுகிறேன். சாம்பல் உன் அடுப்பிலேயே இருக்கும்.

அவரைத் திட்டாதே. திட்டினாலும் சாப்பாடு போட்டுவிட்டுத் திட்டு.

நாராயணப்பன்

&nbsp;

கரும்பள்ளம்
4-12-1955

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

கிழங்கு எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள்.

அவர் வந்து இறங்கியதும் நான் திட்டவில்லை. சாப்பாடும் போடவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவரே அடுப்பில் இருந்ததைப் போட்டுச் சாப்பிட்டார். மூன்று நாள் கழித்துத்தான் திட்டினேன், போதும் போதும் என்கிற வரைக்கும்.

பழைய பயிரைப் பிடுங்கிவிட்டு நடுப்பள்ளத்தில் புதிதாகக் கொஞ்சம் நட்டோம். அவருக்கு ஆபீசர் பேச்சில் இன்னும் நம்பிக்கை இல்லை. அதனால் ஒரு உழவுச் சாலில் எலும்புத்தூள் மட்டும், ஒரு சாலில் புழுக்கை மட்டும், ஒரு சாலில் இரண்டோடும் சாம்பல் என்று பிரித்துப் போட்டார். எலும்புச் சால் பழைய மாதிரியே மஞ்சளடித்து நின்றது. அவர் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். புழுக்கைச் சால் கொஞ்சம் பச்சை கட்டியது, உயரவில்லை. எல்லாம் போட்ட சால் மட்டும் எழுந்தது, அண்ணா. என் இடுப்புக்கு வந்தது. மண்ணைத் தள்ளினால் கைக்கு அடங்காத கிழங்கு. முதல் கூடையை எடுத்துவிட்டு அவர் எலும்புச் சாலுக்குப் போய் ஒரு செடியைப் பிடுங்கினார். கோலிக்குண்டு போல இரண்டு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை.

இனி என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. பள்ளம் முழுவதையும் இப்படியே செய்துவிடலாம் என்கிறார். வருஷா வருஷம் எத்தனை வண்டி எலும்பும் எருவும் வேண்டும்? ஒரு மழையில் பாதி கழுவிக்கொண்டு போகிறது. தண்ணீரை வடிக்க வடிக்கத் தரையும் உட்கார்ந்துகொண்டே போகும் என்கிறார் ஆபீசர். மலையோரத்தை மட்டும் உழுவோம், நடுவை அதன்போக்கில் விட்டுவிடுவோம் என்கிறேன் நான். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று மேற்கு ஓரத்தில் மட்டும் கொத்திக்கொண்டிருந்தார். மண்வெட்டியை வலது கையால் மட்டும் இறுக்கிப் பிடிக்கிறார், இடது கை சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது.

முந்தாநாள் என்னைக் கேட்டார், "ஒங்கண்ணன் வா வான்னு எழுதினாரே, ஏன் போகல?"

யோசித்துப் பார்த்தேன். அப்போது உங்கள் மேல் நம்பிக்கை இல்லை, இவர் மேலும் இல்லை, மண்ணும் பிடிபடவில்லை. போவதற்குத்தான் எல்லாக் காரணமும் இருந்தது. "தெரியலை" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "என்கிட்ட ஏன் சொல்லாம போனீங்க?" என்று நான் கேட்டதற்கு அவரும் அதையேதான் சொன்னார்.

எனக்கு இன்னும் பல விஷயம் தெளியவில்லை, அண்ணா. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போதெல்லாம் அவர் எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போகிறார். விறகுக்குப் போனால் சொல்கிறார், ஓடைக்குப் போனால் சொல்கிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட வாசலில் நின்று, "ருக்மணி, கொல்லப் பக்கம் போயிட்டு வரேன்" என்றார். கொல்லை பத்தடியில் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"சரி, போய்ட்டு வாங்க" என்றேன்.

ருக்மணி